ஆறாவது மூட்டை

பூஜை லீவு விட்டால் கல்கத்தாவில் வங்காளிகள் வீட்டில் தங்கமாட்டார்கள். 'சேஞ்ச்' என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். மதுபூரோ, கிரிதியோ, பூரியோ, எங்காவது போய்க் காற்று மாற்றிக்கொண்டு வந்தால்தான் அடுத்த வருஷம் வரைக்கும் ஜீரணம் ஆகும் என்பது அவர்கள் சித்தாந்தம். பவானிபூரில் குடியேறியிருந்த நம்மவர்களுக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் வங்காளிக்கு துர்கா பூஜை என்றால் நமக்கு நவராத்திரி. கொலுவை நடு வீட்டில் வைத்துவிட்டு எந்த மகராசி ரயில் ஏறுவாள்? அதனால் லீவு பூராவும் சுண்டல் தின்று கழித்துவிட்டு, ஆபீஸ் திறந்ததும் அலுத்துக்கொண்டு போவதே வழக்கமாக இருந்தது.

இந்த வழக்கத்தை உடைத்தவள் நாகலக்ஷ்மி. அலிப்பூர் சர்க்கார் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்த வெங்கடசுப்ரமணியனின் மனைவி. ஊரெல்லாம் 'வெங்கடசுப்ரமணியன் டூர்' என்றுதான் சொல்லும். அந்த மனுஷர் செய்ததெல்லாம் ஹவுராவுக்குப் போய் டிக்கெட் வாங்கியதுதான். மூளை முழுக்க அவளுடையது.

அவள் கண்டுபிடித்த சூட்சுமம் இதுதான். விஜயதசமியன்று பொம்மையைப் படுக்க வைத்தாயிற்றா, மறுநாள் ஏகாதசி. அன்றைக்கு ரயில் ஏறிவிட வேண்டும். பெரியவர்கள் எல்லாரும் உபவாசம், வழியில் அவர்களுக்குச் சாப்பாட்டுக் கவலை பாதி விட்டது. லீவும் இன்னும் ஒரு வாரம் பாக்கி இருக்கும். இதை அவள் சொன்னபோது வெங்கடசுப்ரமணியன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இது எப்படிடி எனக்குத் தோணாம போச்சு?" என்றார். "உங்களுக்கு ஏகாதசியன்னிக்கும் பசிக்கும், அதனாலதான்" என்றாள்.

முதல் வருஷம் ஐந்து குடும்பங்களாக மதுபூருக்குப் போனார்கள். அது ஒரு கூத்து. கைக்குழந்தை முதல் தொண்டுகிழம் வரை ஒரே பெட்டியில். ஸ்டேஷன் வந்தால் போதும், நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துவிட்ட மாதிரி குழந்தைகள் நாலா பக்கமும் சிதறும். மறுநாள் உபவாசத்தை முடிக்கும் பாரணைக்கென்று பெரியவர்களுக்கு மடியாகச் செய்து கூடையில் வைத்திருந்த பலகாரத்தை எந்த வாண்டோ தொட்டுவிட்டது. அவ்வளவுதான். கூடை நிறையத் தேங்குழலை வைத்துக்கொண்டு பெரியவர்கள் பட்டினி கிடந்தார்கள். எல்லாரிலும் மூத்தவர், பஞ்சாங்கத்தைக் கரைத்துக் குடித்த அனந்தகிருஷ்ணன், பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல் மதுபூரில் இறங்கியதும் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

வேறு யாராவது இருந்தால் அத்தோடு கும்பிடு போட்டிருப்பார்கள். நாகலக்ஷ்மிக்கு அப்படி விட மனம் வரவில்லை. அவளுக்குக் குழந்தை குட்டி கிடையாது. ஒரு பெட்டியில் இத்தனை பேர் தன்னைச் சுற்றி மல்லுக்கு நிற்பது அவளுக்குப் பிடித்துப்போயிற்று, அதுதான் விஷயம். அடுத்த நவராத்திரியில் கொலுப்படிக்குப் பக்கத்தில் மணையைப் போட்டு அதை ரயில் பெட்டியாக்கிக்கொண்டாள். செட்டியார் பொம்மை அனந்தகிருஷ்ணன். அவருக்கு ஜன்னலோரம், கதவுக்குத் தூரம். அழுகிற குழந்தைக்காரி காது மந்தமான மாமிக்குப் பக்கத்தில். மடிக்கூடை மேலே கொக்கியில், எந்த வாண்டின் கையும் எட்டாத இடத்தில். பொம்மைகளை இப்படியும் அப்படியும் மாற்றி மாற்றி வைத்து, யாருக்கும் மனக்குறை வராமல் அடுக்கி முடிக்க அவளுக்கு ஒன்பது நாளும் வேண்டியிருந்தது.

மடிக்கூடைக்குச் சமைக்கவும் ஆள் கிடைத்தாள். அந்த ஐந்து குடும்பத்தில் ஒருவரான, பாங்கில் வேலை பார்த்த மஹாதேவனின் தங்கை ஜலஜா. பால்யத்திலேயே கணவனை இழந்து, அண்ணனோடு வந்து ஒட்டிக்கொண்டவள். அவள் கையால் செய்ததென்றால் அனந்தகிருஷ்ணன் மறுபேச்சுப் பேசமாட்டார். பயணத்துக்கு முந்திய நாளெல்லாம் புளிக்காய்ச்சலும் பொரிவிளங்காய் உருண்டையுமாக அடுப்பில் வெந்தவள் அவள்தான். ஆனால் வண்டி வந்து அண்ணன் வீட்டு வாசலில் நின்றதும் கொல்லைக்கட்டுச் சமையலறைக்குள் போய்விடுவாள். கிளம்புகிற நேரத்தில் அவள் எதிரே வரக் கூடாதே, சகுனம். யாரும் போகச் சொல்வதில்லை. சொல்லாமலே போய்விடுவாள். அவள் சமைத்த சோறு வேண்டும், அவள் முகம் வேண்டாம். இந்த நியாயத்தை என்னவென்று சொல்வது?

நாகலக்ஷ்மிக்கும் முதலில் இது உறைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முதல் தடவை பூரிக்குக் கிளம்பிய வருஷம், அனந்தகிருஷ்ணனின் மப்ளர் உள்ளே விட்டுப்போயிற்றென்று அவள் திரும்பி ஓடினாள். சமையலறையில் ஜலஜா தரையில் உட்கார்ந்து வெண்கலப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, சமுத்திரம் ராத்திரிகூட ஓயாம சத்தம் போடுமாமே. நெஜமா?"

"போய்க் கேட்டுட்டு வந்து சொல்றேண்டி" என்று சொல்லிவிட்டு நாகலக்ஷ்மி வண்டியில் ஏறிவிட்டாள். ஹவுரா பாலம் தாண்டுவதற்குள் அந்தப் பதில் அவளைச் சுட ஆரம்பித்துவிட்டது. பூரியில் எல்லாரும் அலையில் விழுந்து புரண்டார்கள். அவளுக்கு மட்டும் எதிலும் மனம் ஒட்டவில்லை. திரும்பி வந்ததும் ஜலஜா ஆவலாகக் கேட்டாள். "எனக்குச் சொல்லத் தெரியலைடி" என்றுதான் நாகலக்ஷ்மியால் சொல்ல முடிந்தது.

அடுத்த நவராத்திரியில் மணைமேல் ஒரு பொம்மை கூடியிருந்தது. வர்ணம் போன சின்ன மரப்பாச்சி.

"இது யாரு?" என்றார் வெங்கடசுப்ரமணியன்.

"ஜலஜா."

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அனந்தகிருஷ்ண மாமா ஒத்துக்கமாட்டார். அவர் வரலைன்னா மத்த பெரியவா ஒருத்தரும் வரமாட்டா. நீ கட்டின டூர் அத்தோட படுத்துடும். யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டேன். இவளை விட்டுட்டுப் போற டூர் படுத்தா படுக்கட்டும்."

மஹாதேவனிடம் போய்க் கேட்டாள். நல்லவர்தான், ஆனால் வாழைப்பழத்தைக்கூட நாலு பேரைக் கேட்டுத்தான் உரிப்பார். "நாலு பேர் என்ன சொல்லுவாளோ மாமி" என்று தலையைக் குனிந்துகொண்டார். இவரை நம்பிப் பிரயோஜனமில்லை என்று நாகலக்ஷ்மி எழுந்து வந்துவிட்டாள்.

அந்த வருஷம் ஏகாதசி வியாழக்கிழமையில் வந்தது. வியாழன் தெற்கே சூலை, அந்தத் திசையில் கிளம்பக் கூடாது; மறுபடியும் போக இருந்த பூரியோ தெற்குப் பக்கம். அதற்குப் பரிகாரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், பரஸ்தானம். நல்ல வேளையில் ஒரு துணியும் ஒரு பிடி அரிசியும் மஞ்சளும் மூட்டை கட்டி, வழியில் இருக்கும் வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் கிளம்பியாயிற்று என்று கணக்கு. மறுநாள் எந்நேரமும் போய் அதை எடுத்துக்கொண்டு நடக்கலாம். வருஷத்துக்கு ஏதாவது ஒரு தோஷம் இருக்கும்; மதுபூர் காலத்திலிருந்தே ஐந்து குடும்பத்துக்கும் பரஸ்தான வீடு மஹாதேவனுடையது. மஹாதேவன் மட்டும் தன் மூட்டையை எதிர்வீட்டில் வைத்துவிட்டு, மறுநாள் எடுத்து வந்து மற்றதோடு சேர்த்துக்கொள்வார்.

விஜயதசமியன்று காலையில் அனந்தகிருஷ்ணன் முன்கூடத்தில் நின்று மூட்டைகளை வரிசையாக வைக்கச் சொன்னார். வருஷா வருஷம் சொல்வதையே அன்றும் சொன்னார். "வெச்ச மூட்டை வெச்சதுதான். கிளம்பியாச்சுன்னு அர்த்தம். இனிமே அதைத் திருப்பினா, சேர்ந்து வெச்ச அத்தனை பேருக்கும் தோஷம்." எல்லாரும் தலையாட்டினார்கள். நாகலக்ஷ்மி எல்லாரையும்விடப் பலமாக ஆட்டினாள். அவள் கையில் இரண்டு மூட்டை இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் குதிரை வண்டிகள் வந்து நின்றன. ஜலஜா வழக்கம்போல உள்ளே போய்விட்டாள். அவரவர் மூட்டையை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று மிஞ்சியது.

"இது யாரோடது?" என்றார் அனந்தகிருஷ்ணன்.

நாகலக்ஷ்மி ஒரு அடி முன்னால் வந்தாள். இத்தனை வருஷமாகக் கட்டிக் காத்த கூட்டம் இந்த வாசலிலேயே கலைந்துபோகலாம். உரலில் தலையைக் கொடுத்தாயிற்று, இனி உலக்கைக்குப் பயந்து என்ன?

"ஜலஜாவோடது, மாமா."

மஹாதேவன் சுவரைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டு வெச்சே?"

"யாரையும் கேக்கலை. அவளுக்கே தெரியாது. மடிக்கூடையில சுத்தணும்னு சொல்லி அவ புடவை ஒண்ணை வாங்கிண்டு போனேன். நேத்திக்கு எதிராத்துல நல்ல வேளையில வெச்சு, அங்கேருந்து எடுத்துண்டு வந்து உங்க கண் முன்னாடிதான் இங்கே சேர்த்தேன்."

"சகுனம்னு ஒண்ணு இருக்கே அம்மா."

"சகுனம் கிளம்பறபோதுன்னா பாக்கணும்? நாம நேத்திக்கே கிளம்பியாச்சுன்னு நீங்கதானே சொன்னேள். இப்போ நடுவழியில இருக்கோம். வழியில எதிர வரவாளுக்கெல்லாம் சகுனம் பாத்தா ஹவுரா போய்ச் சேர முடியுமா? வேண்டாம்னா இந்த மூட்டையைத் திருப்பிடறேன். தோஷம் எத்தனை பேருக்குன்னும் நீங்களே சொல்லிடுங்கோ."

ஆனைக்கும் அடி சறுக்கும். அனந்தகிருஷ்ணன் அந்த மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனத்தில் சாஸ்திரம்தான் ஓடியதோ, வருஷக்கணக்காகத் தின்ற புளியோதரைதான் நினைவுக்கு வந்ததோ, யார் கண்டது. பிறகு மஹாதேவன் பக்கம் திரும்பினார்.

"மசமசன்னு நிக்கறியே. உன் தங்கையைக் கூப்பிடு. ரயில் நமக்காகக் காத்துண்டிருக்காது."

ஜலஜா ஈரக்கையோடு வந்து நின்றாள். சொன்னது ஒன்றும் அவளுக்குப் புரியவில்லை. "நானா? ஒத்தைப் புடவையோடயா மாமி?" என்றாள்.

"ஒண்ணு உடுத்திண்டிருக்கே, ஒண்ணு மூட்டையில இருக்கு. போதும், வா" என்று நாகலக்ஷ்மி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அனந்தகிருஷ்ணன் வண்டியில் ஏறியதும் தன் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு சற்று நகர்ந்து உட்கார்ந்தார். எதற்காக நகர்ந்தாரோ, இடம் கிடைத்தது.

பூரியில் ஜலஜா முதல்நாள் முழுக்கக் கரையிலேயே நின்றாள். குழந்தைகள் இழுத்தும் தண்ணீரில் இறங்கவில்லை. மறுநாள் விடியற்காலையில், "சொல்லத் தெரியலைன்னேளே, சரிதான் மாமி. இதை எப்படிச் சொல்றது?" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். நாகலக்ஷ்மியும் அழுதாள். இருவரும் அழுதுகொண்டே முட்டளவு தண்ணீரில் இறங்கினார்கள். திரும்பும்போது ரயிலில் ஜலஜா மெதுவாகக் கேட்டாள், "அடுத்த வருஷம் எங்கே மாமி போறோம்?"

போனார்கள். தேவகருக்கு, காசிக்கு, கயைக்கு, மறுபடி மறுபடி பூரிக்கு. என்ன நாட்கள் அவை! முதல் பயணத்தில் மடியில் கிடந்த குழந்தைகள் பின்னால் பித்தளைக் குடம் தூக்கினார்கள். அவர்களுக்குள் வங்காளியில் சண்டை போட்டுக்கொண்டு, பெரியவர்களிடம் மட்டும் தமிழில் கோள் சொன்னார்கள். அனந்தகிருஷ்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்டேஷன் பேரெல்லாம் உரக்கப் படிப்பார். ஒரு வருஷம் அந்த ஜன்னலோரம் காலியாக இருந்தது. யாரும் அதில் உட்காராமலே காசி வரைக்கும் போனார்கள். டாக்குரியா பக்கம் ஏரி வெட்டினார்கள். இன்றைக்கு லேக் மார்க்கெட் இருக்கிறதே, அந்தப் பக்கமாகக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. பரஸ்தானம் மட்டும் மஹாதேவன் வீட்டில்தான், அந்தப் பழைய கூடத்தில்தான்.

பிறகு வெங்கடசுப்ரமணியன் போய்விட்டார். அந்த வருஷம் பயணம் இல்லை. அடுத்த நவராத்திரிக்கு எல்லாரும் வந்து கேட்டதற்காக, நாகலக்ஷ்மி மஹாதேவன் வீட்டுக் கொலுவுக்கு அருகே மணை போட்டுப் பூரிக்குப் பெட்டி அடுக்கிக் கொடுத்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது, கை மட்டும் பழைய வேகத்தில் பொம்மைகளை நகர்த்தியது. அடுக்கி முடித்ததை ஜலஜா வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல நீங்க எங்கே மாமி?"

"முட்டி வலிடி. இந்த வருஷம் நீங்கள்ளாம் போயிட்டு வாங்கோ."

ஏகாதசியன்று மத்தியானம் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. நாகலக்ஷ்மி மடிக்கூடையைக் கட்டிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். யாரும் போகச் சொல்லவில்லை. அவளாகவே கொல்லைக்கட்டுச் சமையலறைக்குள் போய், வெண்கலப் பானையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஊருக்கெல்லாம் நியாயம் பேசியவள், தன் முறை வந்தபோது வாயைத் திறக்கவில்லை. பானையைத் தேய்க்கத் தேய்க்கக் கண்ணீர் அதிலேயே விழுந்தது.

ஜலஜா வந்து எதிரே நின்றாள். கையில் ஒரு மூட்டை. நாகலக்ஷ்மியின் புடவைதான், முந்தின நாள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"மாமி, வாசல்ல ஒரு மூட்டை மிஞ்சிப்போச்சு. யாரோடதுன்னு கேக்கறா."

"என்னடி இது? யாரைக் கேட்டு வெச்சே?"

"யாரையும் கேக்கலை. நேத்திக்கே நல்ல வேளையில வெச்சாச்சு. இனிமே திருப்பப்படாது, எங்க எல்லாருக்கும் தோஷம்" என்று ஜலஜா பானையை அவள் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தாள்.

நாகலக்ஷ்மி முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஜலஜாவின் தோளைப் பற்றிக்கொண்டு கூடத்தைத் தாண்டி வாசலுக்கு வந்தாள். வண்டிகளில் ஏறியவர்களும் ஏறாமல் நின்றவர்களும், கிழவரும் குழந்தையுமாக, அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். ஒருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.