பனைமரத்தில் என் கை

திண்டிவனத்தில் ஆள் முதுகில் ஏறிப் பந்து பிடித்த முதல் பொம்பளை நான்தான். எனக்கு முன்னாடி ஒருத்தி இருந்திருந்தால் வந்து சொல்லட்டும். உட்கார வைத்துக் காப்பி கொடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்போது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்துக்கு ஒரு துரை வந்திருந்தார். தான் இங்கிலீஷ்காரன் இல்லை, ஆஸ்திரேலியாக்காரன் என்று யாரும் கேட்காமலே சொல்லுவார். வரும்போது ஒரு தோல் பந்து கொண்டுவந்திருந்தார். உருண்டை இல்லை, இரண்டு பக்கமும் கூராக, பெரிய மாங்காய் மாதிரி இருக்கும். அவர் ஊர் ஆட்டத்துக்குப் பக்கத்துக்கு நாலு கோல் கம்பம் வேண்டுமாம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்கின கொல்லை, அதன் ஓரத்தில் வரிசையாக நாலு பனைமரம். அதைப் பார்த்ததும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. எதிர்ப்பக்கம் நாலு மூங்கில் நட்டுவிட்டு, பையன்களைக் கூப்பிட்டார்.

அவர் அறைச் சுவரில் பேப்பரிலிருந்து கத்தரித்த படம் ஒன்று ஒட்டியிருக்கும். ஒருத்தர் இன்னொருத்தர் தோளில் முட்டி போட்டு, ஆகாசத்தில் பந்தைப் பிடித்திருப்பார். அவரைப் பற்றிப் பேசும்போது துரை தொப்பியைக் கழற்றிவிடுவார். ஒரே ஆட்டத்தில் அவர் போட்ட கோலை அந்தத் தேசத்தில் இன்னும் யாரும் தாண்டவில்லையாம். ரிக்கார்டு என்றால் சாமி மாதிரி, தாண்டலாம், தாண்டாமல் அழிக்கக் கூடாது என்பார்.

இங்கேயும் ஒரு ரிக்கார்டு வைத்தார். பந்தை யார் ரொம்ப உயரத்தில் பிடித்தார்களோ, அவர்கள் அந்த உயரத்துக்குப் பனைமரத்தில் ஏணி வைத்து ஏறி, சுண்ணாம்பில் கை பதிக்கலாம். அதற்கு மேலே இன்னொருத்தர் பிடித்தால்தான் பழைய கையை அழிக்கலாம்.

எங்க அப்பா, மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற கவலைச் சாலுக்குத் தோல் தைக்கிறவர். பந்து கிழிந்தால் சேரிக்குத்தான் வரும். ஒருநாள் தைத்த பந்தைக் கொடுக்கப் போனேன். தையல் தாங்குமா என்று துரை கேட்டார். பாவாடையை வாரிச் சொருகிக்கொண்டு உதைத்துக் காட்டினேன். பந்து பனை உச்சியைத் தொட்டு வந்தது. அன்றைக்கு ஒரு பையன் காய்ச்சலில் படுத்திருந்தான். அவன் இடத்தில் என்னை நிற்க வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் பந்து உயர வந்தது. எனக்கு முன்னால் பண்ணைக்காரர் மகன் நின்றிருந்தான். நான் ஓடினேன், எகிறினேன், அவன் தோளில் முட்டி வைத்துப் பிடித்தேன். அவன் குப்புற விழுந்தான். துரை விசில் ஊதி, "ரிக்கார்டு!" என்று கத்தினார். ஏறிக் கை பதித்தேன்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் கை இல்லை. யாரோ சுரண்டியிருந்தார்கள். யாரென்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் தெருப் பெண் பண்ணைக்காரர் மகன் தோளில் ஏறலாமா என்று ஊரே பேசியது. துரை என்னைக் கூப்பிட்டார்.

"பண்ணைக்காரரிடம் போய் மன்னிப்பு கேள். கேட்டால் மறுபடியும் கை வைக்கலாம்."

"அந்தப் படத்துல இருக்கிறவரு, யார் மேல ஏறினாரோ அவங்க வூட்டுக்குப் போய் மன்னிப்பு கேட்டாருங்களா?"

துரை தொப்பியைத் தேடினார்.

மரத்தில் கை இல்லாமலே ஆட்டம் நடந்தது. நான் போகவில்லை. கொஞ்ச நாளில் விழுப்புரம் ரயில்வே பையன்கள் பந்தயத்துக்கு வருவதாகப் பேச்சு. பந்தயத்துக்கு முதல் நாள் பார்த்துப் பந்து கிழிந்தது. பண்ணைக்காரர் மகனே அதை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தான். கூடத் துரையும்.

"ஜல்தி தைச்சுக் குடுடா. நாளைக்கு விழுப்புரத்துக்காரன் வர்றான்" என்றான், அவன் வயசுக்கு இரண்டு பங்கு மூத்த எங்க அப்பாவிடம்.

அப்பா ஊசியை எடுத்தார். நான் பந்தை வாங்கித் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"என்னம்மா பண்ற? எழுந்திரு. சின்னய்யா நின்னுக்கினு இருக்காரு."

"நிக்கட்டும்பா. மரத்துல என் கை ஏறினா பந்தைத் தர்றேன்."

"ஏ புள்ள, உனக்குத் திமிரா?"

"ஆமாம். எங்கப்பா தைச்ச பந்தை மார்ல கட்டிக்கினு ஓடுற. நான் தோளைத் தொட்டா மட்டும் தீட்டா?"

அவன் துரையைப் பார்த்தான். துரை ஆகாசத்தைப் பார்த்தார். அப்பா மட்டும் ஊசியை மறுபடி கூரையில் செருகிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். எங்க அப்பா பண்ணை ஆளுங்க முன்னால் துண்டை இடுப்பில் கட்டாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"பொழுது போகுது" என்றார் அப்பா, யாரிடம் என்று இல்லாமல்.

கடைசியில் பனைமரத்தடிக்குச் சுண்ணாம்பு வாளி வந்தது. பந்தை இடுக்கிக்கொண்டு போனேன். பண்ணைக்காரர் மகன்தான் ஏணியைப் பிடித்தான். துரை பிடிக்கச் சொன்னார். நான் அவசரப்படவில்லை. ஒவ்வொரு படியாக ஏறி, அதே உயரத்தில், விரல் ஐந்தும் தெரிய அழுத்திப் பதித்தேன். இறங்கி வீட்டுக்கு வந்து பந்தை அப்பா மடியில் வைத்தேன்.

மறுநாள் ரயிலில் இறங்கி வந்த விழுப்புரத்துப் பையன்கள் மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

"யார் கைப்பா அது, அவ்ளோ உயரத்துல?"

பண்ணைக்காரர் மகன் குனிந்து பந்தைத் துடைக்க ஆரம்பித்தான். கொல்லையின் நடுவில் போய் நின்று, நகக்கண்ணில் இன்னும் சுண்ணாம்பு ஒட்டியிருந்த கையைத் தூக்கிக் காட்டினேன்.

"என்னுது. இதுக்கு மேல ஏறிப் பிடிச்சா அழிச்சிக்கலாம். ஆடுங்க, பார்ப்போம்."

ஆடினார்கள். சாயந்திரம் துரை ஏணியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அதற்கு வேலை இல்லாமல் போயிற்று.