ரோசினா டீச்சரின் எட்டு அணிகள்

காலை ஏழு பத்து. ரோசினா இருபத்திரண்டு டேப்லெட்டுகளையும் பூப்போட்ட பாவாடையின் நுனியால் ஒவ்வொன்றாகத் துடைக்கிறாள். சார்ஜ் ஏற்றும் அலமாரியின் நான்கு கால்களும் தண்ணீர் ஊற்றிய நான்கு மீன் டின்களில் நிற்கின்றன. எறும்புக்கு அந்தத் தடுப்பு போதும். பல்லிக்குத்தான் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. ஒன்பதாம் எண்ணுக்குப் பின்னால் சூட்டுக்கு ஒன்று படுத்திருந்தது. அலுங்காமல் பிடித்து ஜன்னலுக்கு வெளியே விட்டாள். "உன் பேர் என் லிஸ்டுல இல்லடா."

அவளுக்கு வயது இருபத்தேழு. இதே தீவில், இதே பள்ளியில், இதே வகுப்பில் ஆறு வருஷம் உதவி ஆசிரியையாக இருந்தாள். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற நீல பிளாஸ்டிக் நாற்காலிதான் அப்போது அவள் இடம். வெள்ளைக்கார டீச்சர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தீவு மொழியில் திருப்பிச் சொல்வது வேலை. அந்த வேலையில் இருந்தபடியே படித்துப் பட்டம் வாங்கி வகுப்பைக் கையில் எடுத்து இது மூன்றாவது வருஷம். காலையில் தீவு மொழி, பதினொன்றரைக்கு மேல் ஆங்கிலம், இரண்டையும் அவளே நடத்துகிறாள். ஆனால் அவளுடைய ஆசிரியர் பதிவு இன்னும் தற்காலிகம்தான். மூன்றாம் வருஷம் முடிவதற்குள் முழுப் பதிவு கிடைக்காவிட்டால் மறுபடியும் நீல நாற்காலி.

பிள்ளைகளுக்கு எட்டு வயது. யாரும் அவளை டீச்சர் என்று கூப்பிடுவதில்லை. ஒருத்திக்கு அவள் அத்தை, ஒருவனுக்குப் பேத்தி. டென்சல் என்ற பையனுக்கு மகள். "மகளே, பென்சில் குடு" என்பான், பல் விழுந்த வாயோடு. "கொடுக்கிறேன்பா, மூக்கைச் சிந்திட்டு வா" என்பாள் இவள். தீவில் எல்லோருக்கும் எல்லோரும் ஏதோ ஒரு முறை. முறைக்குத் தகுந்த பேச்சு, முறைக்குத் தகுந்த மௌனம். மாமியார் முறை வருகிறவளிடம் மருமகன் பேசக் கூடாது, முகம் பார்க்கக் கூடாது. வயது எட்டானாலும் முறை முறைதான். ரோசினாவுக்கே மருமகன் முறை வரும் இரண்டு பையன்களை வருஷத் தொடக்கத்திலேயே பக்கத்து வகுப்பில் போட்டாயிற்று.

இவ்வளவும் தெரிந்தவள்தான் பிப்ரவரியில் அந்தத் தப்பைச் செய்தாள்.

பேச்சுப் பயிற்சிக்கென்று டேப்லெட்டில் புதிதாக ஒரு செயலி வந்திருந்தது. அது பிள்ளைகளை இருவர் இருவராகச் சேர்த்துவிடும். ஒருவர் கதை சொல்வார், மற்றவர் ஹெட்போனில் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். பேசினால் பச்சைப் புள்ளி, பேசாவிட்டால் சிவப்பு. பள்ளி அலுவலகம் கொடுத்த அகரவரிசைப் பட்டியலை ரோசினா அப்படியே ஏற்றினாள். முகத்துக்கு முகம் இல்லையே, திரைக்கு அந்தப் பக்கம்தானே என்று நினைத்தாள். டென்சலுக்கு ஜோடியாக டார்னியா வந்தாள். டார்னியா அவனுக்கு மாமியார் முறை. குரல் காதில் விழுந்த நொடியில் டென்சல் ஹெட்போனைக் கழற்றி, டேப்லெட்டைப் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

"பேசேன்பா."

"எப்படிப் பேசுறது மகளே? உனக்கே தெரியாதா?"

டார்னியா அன்று மூடிய வாயை அடுத்த நான்கு மாதம் திறக்கவில்லை. ஆங்கிலத்தில் ஒரு சொல்கூட வரவில்லை. அடுத்து காதில் யார் குரல் விழுமோ என்ற பயத்தில் மற்ற பிள்ளைகளும் ஒதுங்கினார்கள். ஜூனில் டார்வின் நகரத்துக் கல்வி அலுவலகத்திலிருந்து அறிக்கை வந்தது: இருபத்திரண்டில் பதினொன்று சிவப்பு. பங்கேற்பு குறைவு. ஆகஸ்டில் மதிப்பீட்டாளர் நேரில் வந்து முடிவு செய்வார். காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. ரோசினா அதைக் காலியாகவே விட்டு அனுப்பினாள்.

"வெள்ளைக்காரங்க செஞ்சா தெரியாமச் செஞ்சதுன்னு சொல்லலாம். நான் தெரிஞ்சே செஞ்சேன். அதை எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு எழுதறது?"

ஜூலை விடுமுறையில் செயலியை ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தாள். உறவு முறை போட அதில் இடமில்லை. விளையாட்டு அணி போட இடம் இருந்தது. எந்த அணி எந்த அணியோடு சேரலாம், சேரக் கூடாது என்றும் சொல்ல முடிந்தது. தீவில் பிறக்கிற ஒவ்வொருவருக்கும் உறவுப்பெயர் ஒன்று உண்டு, மொத்தம் எட்டு. அந்தப் பெயர் தெரிந்தால் முறை தெரிந்துவிடும். ரோசினா எட்டு அணி உண்டாக்கினாள். டார்வினிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது: இருபத்திரண்டு பேருக்கு எட்டு அணியா? "எங்களுக்கு விளையாட்டு ரொம்பப் பிடிக்கும்" என்று பதில் போட்டாள்.

முதல் வாரம் இரண்டு ஜோடி தப்பாக வந்தது. உறவுப்பெயர் ஒன்றாக இருந்தாலும் சில வீடுகளில் கணக்கு வேறு. பிள்ளைகளே திருத்தினார்கள். செயலியை யாராவது திட்டினால் ரோசினா அதற்குப் பரிந்து பேசுவாள். "விடுங்க. அதுவும் புதுசா வந்த வாத்தியார்தானே. கத்துக்கும்."

ஆகஸ்ட் பதினான்கு. சின்ன விமானத்தில் வந்து இறங்கிய மதிப்பீட்டாளர் பிரிச்சர்டுக்கு ஐம்பது வயதிருக்கும். வெயிலில் சிவந்த கழுத்து, கையில் கோப்பு. அவர் வகுப்புக்குள் கால் வைத்ததும் டென்சல் கேட்டான், யார் வந்தாலும் கேட்கிற கேள்வியை.

"உன் உறவுப்பெயர் என்ன?"

பிரிச்சர்டு பெருமையோடு தீவு மொழியிலேயே சொன்னார். "வாமுட். இருபது வருஷம் முன்னாடி இங்க வேலை பார்த்தேன். அப்போ ஒரு குடும்பம் என்னைப் பிள்ளையா எடுத்துக்கிச்சு."

டென்சல் விரலை மடக்கினான். "அப்போ நான் உனக்குத் தாத்தா. இவ எனக்கு மக. அப்படின்னா..." கண் விரிந்தது. "ஐயோ! இவ உனக்கு மாமியாரு!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ரோசினா சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிரிச்சர்டும் மறந்தவர் இல்லை. காது வரை சிவந்து, மீன் படம் ஒட்டிய சுவரைப் பார்த்தபடி பக்கவாட்டில் நகர்ந்தார். கைக்கு அகப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். அது நீல நாற்காலி.

பாடம் முழுவதையும் அவர் காதால்தான் பார்த்தார், மடியில் ஒரு டேப்லெட்டை வைத்துக்கொண்டு. பிள்ளைகள் முந்தைய நாள் சேற்றில் சிப்பி பொறுக்கிய கதையைத் தீவு மொழியில் சொன்னார்கள். ஜோடி அதைக் கேட்டு ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னது. புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. ஒன்று மட்டும் சிவப்பு. அந்தப் பிள்ளைக்குக் காதில் சீழ்.

படிவத்தின் கடைசிப் பகுதியில் சிக்கல். ஆசிரியரும் மதிப்பீட்டாளரும் முப்பது நிமிடம் நேருக்கு நேர் உரையாட வேண்டும். நேரும் கூடாது, உரையாடலும் கூடாது. அது இல்லாமல் படிவம் செல்லாது. ரோசினா கரும்பலகையைப் பார்த்து நின்றாள். மூன்று வருஷ உழைப்பின் முடிவு முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

பாயிலிருந்து டார்னியா எழுந்தாள். டென்சல் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். டார்னியா பிரிச்சர்டிடம் போய் நின்றாள். "நான் உனக்கு மக முறைதான். எங்கிட்ட சொல்லு. நான் அவகிட்ட சொல்றேன்."

பிரிச்சர்டு ஆங்கிலத்துக்கு மாறினார். பல வேகங்களில் கற்கும் மாணவர்களுக்காக இரு மொழிப் பாடத்தை ரோசினா எந்த அடிப்படையில் திட்டமிட்டாள் என்று நீளமாகக் கேட்டார்.

டார்னியா தீவு மொழியில் சொன்னாள்: "யார் முந்தி, யார் பிந்தின்னு எப்படிப் பார்த்தேன்னு கேக்குறாரு."

ரோசினா பலகையைப் பார்த்தபடி பதில் சொன்னாள். டார்னியா ஆங்கிலத்தில் அதைக் கொண்டுபோனாள், திக்காமல், கையை ஆட்டி ஆட்டி. பிரிச்சர்டின் பேனா ஒரு கணம் நின்றது. பட்டியலில் விரலை ஓட்டி ஒரு பெயரில் நிறுத்தினார். பிப்ரவரி முதல் ஜூன் வரை அந்த வரிசையில் வெறும் சிவப்பு.

"எட்டு அணி எதுக்குன்னு கேளும்மா."

"அது இவருக்கு இப்போ தெரிஞ்சிருக்குமே" என்றாள் ரோசினா. டார்னியா அதையும் விடாமல் மொழிபெயர்த்தாள். சுவரைப் பார்த்தபடியே பிரிச்சர்டு சிரித்தார்.

"ஜூன்ல காரணம் எழுதற கட்டம் ஏன் காலியா வந்துச்சு?"

ரோசினா பலகையின் ஓரத்துச் சுண்ணத்தூளை விரலால் துடைத்தாள். பிறகு நிறையச் சொன்னாள். டார்னியா கவனமாகக் கேட்டு, சுருக்கி, எடுத்துப்போனாள்: "தப்புப் பண்ணிட்டாளாம். வெக்கமா இருந்துச்சாம். இப்போ சரி பண்ணிட்டாளாம்."

பிரிச்சர்டு பதிலுக்குக் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் பேசினார்.

டார்னியா திரும்பி வந்தாள். "சரின்னுட்டாரு."

காகிதத்தில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பிரிச்சர்டு தன்னுடையதைப் போட்டு, தாளைப் பாயின் நடுவில் வைத்து, மேலே பேனாவை வைத்து, யாரையும் பார்க்காமல் வெளியே போய் மாமர நிழலில் நின்றார். செருப்புச் சத்தம் அடங்கிய பிறகுதான் ரோசினா திரும்பினாள். முட்டி போட்டுக் கையெழுத்துப் போட்டாள். டார்னியா தாளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மரத்தடிக்கு ஓடினாள்.

முழுப் பதிவு செப்டம்பர் முதல் நடப்புக்கு வருகிறது. மதிப்பீட்டாளர் வந்துபோன அன்று சாயங்காலமே பக்கத்து வகுப்பு டீச்சர் தன் டேப்லெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, எங்கே வைக்கட்டும் என்று கேட்டாள். ரோசினா நீல நாற்காலியைத் தொட்டிப் பக்கத்திலிருந்து காலால் இழுத்துப் போட்டாள். பெட்டி அதன்மேல் இருக்கிறது. திங்கட்கிழமை அந்த வகுப்பின் பத்தொன்பது பெயர்களை எட்டு அணிகளில் ஏற்றுகிறாள்.