கண்ணாடிக் கடைப் பொட்டலம்

1943-ஆம் வருஷம். திருத்தணியில் ஆடிக் கிருத்திகை முடிந்து, காவடிக் கூட்டம் ஊரைவிட்டுப் போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தாலுகா கச்சேரிக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்து பத்திரம் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அம்மா, கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் குழந்தை இல்லாத என் மனைவி, கல்யாணத்துக்குக் காத்திருந்த என் தங்கை. இத்தனை பேரையும் காப்பாற்ற என்னிடம் இருந்தது ஒரு பேனாவும், அதைவிட நீளமான நாக்கும்தான்.

யுத்த காலம். பர்மா அரிசி வருவது நின்றுபோயிருந்தது. மலிவு விலையில் தானியம் போடுவதற்கென்று சர்க்கார் அங்கங்கே கடை திறந்திருந்தது. ஜனங்கள் அதைக் கன்ட்ரோல் கடை என்பார்கள். வரிசையில் நின்றால் ஆளுக்கு இரண்டு படி அரிசி. பழுப்பாக இருக்கும், மக்கின வாசனை அடிக்கும், கல்லுக்கு மட்டும் எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. இதற்கு நேர்மாறாக எங்கள் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடை இருந்தது. சாமான்களைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்ததால் அதற்குக் கண்ணாடிக் கடை என்றே பெயர். போகிறவர்களுக்கு நாற்காலி போடுவார்கள். எதை வாங்கினாலும் நீலக் காகிதத்தில் மடித்து, சிவப்பு நூல் சுற்றித் தருவார்கள். அந்த நீலப் பொட்டலத்தைப் பைக்குள் போடாமல் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடப்பது ஊரில் ஒரு கௌரவம்.

எனக்கு அந்தக் கௌரவத்தில் பைத்தியம். ஆனால் கையில் இருந்த காசுக்குக் கண்ணாடிக் கடையில் சோம்புதான் வாங்க முடியும். ஆகவே சோம்பு வாங்குவேன். "பெரிய காயிதமாப் போட்டுக் கட்டுங்க" என்பேன். வீட்டுக்கு வந்ததும் காகிதத்தைப் பாய்க்கு அடியில் வைத்து, அதன்மேல் நானே படுத்து இஸ்திரி போடுவேன்.

உள்ளூர்க் கன்ட்ரோல் கடையில் நின்றால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள். அதனால் பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகைக்கு நடப்பேன். சட்டையைக் கழற்றிப் பையில் வைத்து, தலையில் துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு, கூலிக்காரன் மாதிரி வரிசையில் நிற்பேன். திரும்பும் வழியில் ஒரு புளியமரத்துக்குப் பின்னால் வேஷம் கலையும். துண்டு இறங்கும், சட்டை ஏறும், அரிசி நீலக் காகிதத்துக்குக் குடி மாறும். பிறகு கடைத்தெரு வழியாக ஒரு சுற்றுச் சுற்றித்தான் வீட்டுக்குப் போவேன். போதாததற்கு மரத்தடியில் உட்கார்ந்து, "கன்ட்ரோல் அரிசி துன்றவங்களுக்குச் சர்க்காரே பல்லும் கட்டித் தரணும்" என்று ஊரைச் சிரிக்கவைப்பேன். எனக்கே கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

அன்றைக்கும் கண்டிகைக் கடையில் நின்றேன். நீளமான வரிசை. வெயில் ஏறிய நேரத்தில் கடைக்காரர் கையில் ஒரு குச்சியோடு வெளியே வந்து ஆட்களை எண்ணிக்கொண்டே வந்தார். எனக்கு முன்னால் இருந்தவரோடு எண்ணிக்கை நின்றது. "இவரு வரைக்கும்தான் அரிசி. மத்தவங்க போயிட்டு நாளைக்கி வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான்கு மைல் வெறுங்கையோடு திரும்புவதா? வாய் என்னைக் கேட்காமலே பேச ஆரம்பித்தது.

"வூட்டுல கொழந்தைக்கு மூணு நாளா காய்ச்சல். கஞ்சி வெக்கக்கூடக் குருணை இல்ல."

முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். ஏறக்குறைய என் வயதுதான். வெளுத்த சட்டை, கையில் காலிப் பை. முதலில் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து விலகி நின்றார்.

"நீங்க முன்னால போங்க."

"உங்களுக்கு?"

"நான் நாளைக்கி வந்து பாத்துக்கிறேன். கொழந்தையைப் பாருங்க."

போய்விட்டார். என் நடிப்பை நானே மெச்சிக்கொண்டு இரண்டு படி அரிசியை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம், ஆவணி பிறந்ததும், தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள். தரகர் கொண்டுவந்த இடம். மாப்பிள்ளை கண்டிகைப் பக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியார், தாயும் மகனும் மட்டும் என்று கேள்விப்பட்டிருந்தோம். வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்று கும்பிட்ட கை அப்படியே நின்றது. வந்தவர், வரிசையில் எனக்கு இடம் விட்ட அவரேதான்.

அவருக்கும் என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. முக்காடு முகத்தை மறைத்திருக்கும், மை படிந்த விரல்களையும் இந்தக் குரலையும் எதைப் போட்டு மறைப்பது? ஆனால் அவர் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. உட்கார்ந்தார். உத்தரத்தைப் பார்த்தார், உள்ளறை வாசலைப் பார்த்தார், மறுபடி உத்தரத்தைப் பார்த்தார். வீட்டை எடைபோடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவி அரிசி உப்புமா கொண்டுவந்து வைத்தாள். எந்த அரிசி என்று நான் சொல்லவேண்டியதில்லை. அந்த நேரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு இருக்கக்கூடாதா? அவருடைய தாயார் "நல்லா கீது" என்று சொன்னதும், "கண்ணாடிக் கடை அரிசிங்க, வேற எடத்துல நாங்க வாங்கறதில்ல" என்று சொல்லிவைத்தேன். சொல்லி வாய் மூடவில்லை, வாத்தியார் வாயில் ஒரு கல் நறுக்கென்றது. அவர் அதை விரலால் எடுத்து, தட்டின் ஓரத்தில் ஒருவருக்கும் தெரியாமல் வைத்துவிட்டு, மீதி உப்புமாவையும் சாப்பிட்டு முடித்தார்.

அவர்கள் போன பிறகு தங்கை முகத்தைப் பார்த்தேன். அன்று சாயங்காலம் முழுவதும் அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அம்மாவுக்கும் திருப்தி. எனக்குத்தான் பயம். இவர் மாப்பிள்ளையானால், என் வேஷத்தைப் பார்த்தவர் ஒருவர் காலம் முழுக்க என் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பார். ஒரு தீபாவளிக்குச் சிரித்துக்கொண்டே அதை எடுத்துவிட்டால் என் கதி என்ன?

"வேணாம்மா. கன்ட்ரோல் கடையில நிக்கிற குடும்பம். என் கண்ணால பாத்தேன்" என்றேன்.

"நாமளும் அதைத்தானே துன்றோம் நைனா?" என்றாள் அம்மா.

"நாம துன்றது யாருக்குத் தெரியும்? அவரு ஊரு பாக்க நிக்கிறாரு. நாளைக்கி நம்மளை எவன் மதிப்பான்?"

அம்மா யோசித்தாள். மரத்தடியில் ஊரையே நம்பவைக்கிறவனுக்கு அம்மாவை நம்பவைப்பது பெரிய காரியமா? தரகரிடம் காரணத்தையும் சேர்த்தே சொல்லி அனுப்பினேன். தங்கையின் முணுமுணுப்பு நின்றது. அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்துத் தரகர் வேறொரு ஜாதகத்தோடு வந்தார். அம்மா, தங்கை, மனைவி மூன்று பேரும் இருந்தார்கள். பேச்சுவாக்கில் சொன்னார்.

"அந்த வாத்தியாரு ஒரு தினுசான மனுசன் நைனா. வேணாம்னு சொன்னதுக்குச் சரிங்கன்னாரு. ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டு அனுப்பினாரு. உன் கொழந்தைக்கு ஒடம்பு எப்டி கீதுன்னு. உனக்கு ஏது நைனா கொழந்தை?"

எனக்கு ஒரு பொய்கூட வரவில்லை. கண்டிகைக் கடையில் நடந்ததை அப்படியே சொன்னேன். சமாளிக்க நடுவில் ஒரு சிரிப்பும் சிரித்துப் பார்த்தேன். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

என் மனைவி சமையல்கட்டு வாசலில் நின்றபடி, "கொழந்தைக்குப் பேரு இன்னா வெச்சீங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தங்கைதான், "போயி அவருகிட்ட சொல்லிட்டு வாண்ணா" என்றாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குப் போனேன். குத்திக்காட்டத்தான் அப்படிக் கேட்டு அனுப்பியிருக்கிறார் என்று வழியெல்லாம் கொஞ்சம் கோபம்கூட இருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் வேகமாக வந்தார். "கொழந்தை?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கொழந்தையே கெடையாதுங்க. அரிசிக்காகச் சொன்ன பொய்யி."

அவர் பெரிதாக மூச்சு விட்டார்.

"அப்போ ஒண்ணும் ஆவலையே? உங்க வூட்டுக்கு வந்தப்போ பாத்தேன், உத்தரத்துல தூளி இல்ல, கொழந்தை சத்தமும் இல்ல. சரி, தவறிப்போச்சின்னு நெனச்சிக்கினேன். அந்த எடத்துல எப்டிங்க கேக்கறது? ஆனா மனசு கேக்கல. அன்னிக்கி நீங்க சொன்னவுடனே எடம் விடாம, விடலாமா வேணாமான்னு கொஞ்ச நேரம் யோசிச்சனே, அதையே நெனச்சிக்கினு இருந்தேன்."

அவர் என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. தங்கைக்காகச் சம்பந்தத்தைப் பற்றியும் கேட்டேன்.

"கன்ட்ரோல் கடைன்னு சொல்லி அனுப்புனது எங்கம்மாவுக்குத் தாங்கலைங்க. போன வெள்ளிக்கிழம பள்ளிப்பட்டுல வேற எடத்துல வெத்தில பாக்கு மாத்திட்டாங்க. இனிமே நான் வேணாம்னா, அந்தப் பொண்ணு இன்னா தப்பு பண்ணிச்சி?"

வீட்டுக்கு வந்து தங்கையிடம் அவர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவள் கேட்டு முடித்துவிட்டு, "நல்லவரு போல" என்றாள். அவ்வளவுதான். எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. நன்றாகத்தான் இருக்கிறாள். அது அவளுடைய கெட்டிக்காரத்தனம்; அதில் எனக்குப் பங்கில்லை. எதையும் சிரிப்பாக்கிப் பேசும் குணம் என்னைவிட்டு இன்னும் போகவில்லை. முக்காடு, புளியமரம், சோம்பு என்று இந்தக் கதையின் முன்பாதியைச் சொல்லி எத்தனையோ பேரைச் சிரிக்கவைத்திருக்கிறேன். ஆனால் என் தங்கை "நல்லவரு போல" என்று சொல்லிவிட்டு எழுந்து போன இடத்தை, சிரிப்பாக மாற்ற வழி தெரியாததால், இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.