ஓரத்தில் எழுதிய வரி

எங்கள் பல்கலைக்கழக நூலகத்துக் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் அந்தத் தட்டச்சுத் தாளின் ஓரத்தில், நீல மையில், என் கையெழுத்தில் ஒரு வரி சாய்ந்து நிற்கிறது. வேறெங்கும் அடித்தல் திருத்தல் இல்லை. பிழையற்ற தாளே அந்நாளில் என் செருக்கு.

பன்விலவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்த பேராசிரியர், எங்கள் வரலாற்றுத்துறையின் ஒரே பெண். அத்தோட்டத்தின் பழைய வேலைநிறுத்தம் பற்றி நூல் எழுதிக்கொண்டிருந்தார். அங்கே தொழிற்சங்கச் செயற்குழுவில் இடம் கேட்ட பெண்களை, "ஸ்ட்ரைக்குல ஒங்களுக்கு என்ன பங்கு?" என்று ஆண்கள் திருப்பியனுப்பி வந்தனர். பெண்களோடு நின்று வாதாடிய பேராசிரியர், ஆதாரம் தேடி, சங்கத்தின் முதிய தலைவரின் வீட்டில் அவர் பேச்சைப் பதிவுசெய்தார். அதைத் தட்டச்சு செய்தவன், துறையின் தட்டச்சாளனான நான்.

ஒரு பிற்பகல், தாளைக் கையில் வைத்தபடி ஒலிநாடாவைக் கேட்டுக்கொண்டிருந்தவர் சட்டென நிறுத்தினார். தலைவரின் பேச்சுக்கிடையே அவர் மனைவியின் குரல்: "மொதல்ல கூடைய எறக்கி வச்சது நாங்கதானே!" உடனே தலைவர்: "நீ போயி தேத்தண்ணிய ஊத்து."

"அண்ணே, இது தாள்ல எங்க?"

"அது இடையில பேசுனதுதானே, மிஸ்."

சிரித்துவிட்டார். "அவரு அடுப்படிக்கு அனுப்புனாரு. நீங்க வீட்ட விட்டே அனுப்பிட்டீங்களே!"

மறுநாளே பன்விலவுக்குப் பேருந்து ஏறினார். தலைவரின் மனைவியை வீட்டில் கேட்டால் மீண்டும் கணவரே விடை சொல்வார் என்பதால், தேயிலை நிரையில் அந்த அம்மையாரின் பக்கத்தில் நடந்து, தாமும் கொழுந்து பறித்து அவர் கூடையில் இட்டபடி கேட்டார். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியைச் செங்குத்து மலைக்கு அனுப்பியதற்காகவே பெண்கள் கூடைகளை இறக்கினராம். ஆண்கள் பின்னரே சேர்ந்தனராம்.

செயற்குழுக் கூட்டத்தில் பேராசிரியர் வாதாடவில்லை, நாடாவை ஓடவிட்டார். "தேத்தண்ணிய ஊத்து" என்ற இடத்தில், வாசலில் கூடிநின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் தகரக்கூரை அதிர்ந்தது. முதிய தலைவர் தலையைத் தடவியபடி, "அவ சொன்னது நெசந்தான்" என்றார். அடுத்த கூட்டத்தில் அவர் மனைவிக்கும் உட்கார ஒரு கதிரை போடப்பட்டது.

விட்டுப்போன வரியைச் சேர்த்து, தாளைப் புதிதாக அடித்துத் தருவதாகக் கெஞ்சினேன்.

"வேணாம் அண்ணே. விட்டுப்போன எடத்தையும் ஆளுங்க பாக்கட்டும். ஓரத்துல எழுதுங்க."

எழுதினேன். நான் அடித்துக் குவித்த தாள்களுள் எனக்குப் பெருமை தருவது அது ஒன்றே. இன்று அப்பேழையின் முன் நிற்பவர்கள் என் பிழையற்ற வரிகளைத் தாண்டிச் சென்று, தலையைச் சாய்த்து, அந்த அம்மையார் சொன்னதை வாசிக்கிறார்கள்.