கணவாயும் அலமாரிக் கதவும்

என் அண்ணி வெர்னா இருபத்தாறு வருடமாகப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். நெப்ராஸ்காவின் பனியிலும் மண்சாலையிலும் நாற்பத்தெட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவாள். ஒரு நாள்கூட யார் வீட்டு வாசலில் இருக்கும் தபால் பெட்டியையும் இடித்ததில்லை. எங்கள் பக்கத்தில் இது லேசுப்பட்ட காரியம் அல்ல. எங்கள் பாதிரியாரே மூன்று தபால் பெட்டிகளைச் சாய்த்தவர்.

அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குக் கிளம்பும்போது பேசாமல் காரின் வலப்பக்க இருக்கையில் போய் உட்கார்ந்துவிடுவாள். ஸ்டியரிங் இடப்பக்கம், என் அண்ணன் மில்டன் கையில். அவள் மட்டுமல்ல, அறுவடை மாதம் முழுக்கத் தானிய லாரி ஓட்டும் பெண்கள்கூடப் புருஷன் ஏறினால் நகர்ந்துகொள்வார்கள். இப்படி ஒரு சட்டத்தை யாரும் போடவில்லை. போட்டிருந்தால் மாற்றச் சொல்லி நானே மனு எழுதியிருப்பேன். மாவட்ட அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருப்பவள் நான். எனக்கு மனு எழுதத் தெரியும். கல்யாணம் ஆகாதவள் என்பதால் இவர்கள் கல்யாணத்தைக் கவனிக்க நேரமும் நிறைய.

மில்டன் ஊர்த் தானியக் கிடங்கில் எடைமேடைக்காரன். கிடங்கு பன்னிரண்டு மாடி உயரம். உச்சியிலிருந்து பார்த்தால் மூன்று ஊர் தெரியும் என்பார்கள். இருபத்திரண்டு வருடத்தில் மில்டன் ஒரு முறையும் ஏறிப் பார்த்ததில்லை. கேட்டால், "எடை பாக்கற வேலை கீழதானே இருக்கு?" என்பான். நாங்களும் அதை நம்பினோம்.

அவன் ஒரு பழைய மோட்டார் ஹோம் வாங்கினான். இருபத்தொன்பது அடி நீளம். அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் உள்ளேயே. அதன் கதவில் அமெரிக்க வரைபடம் ஒன்றை ஒட்டிவைத்தோம். எந்த மாநிலத்தில் ஓர் இரவு தூங்குகிறோமோ அந்த மாநிலத்துக்குரிய வண்ணத் துண்டை வரைபடத்தில் ஒட்டலாம். வெறுமனே கடந்து போனால் ஒட்டக் கூடாது. இந்த விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் பொய் சொல்வதில்லை. கொலராடோவை முதல் வருடமே ஒட்டியாயிற்று. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் யூட்டா வெள்ளையாகவே கிடந்தது.

ஏனென்றால் மூன்று கோடைகாலமும் அடிவாரத்தோடு திரும்பிவிட்டோம். முதல் வருடம் இன்ஜின் சூடு. இரண்டாம் வருடம் மேகம். மூன்றாம் வருடம் பின்சக்கரத்தில் ஒரு சத்தம், அது மில்டன் காதுக்கு மட்டும் கேட்டது. ஒவ்வொரு முறையும் அடிவார முகாமில் ஒரு வாரம் தங்கி, பக்கத்திலிருந்த குட்டி கோல்ஃப் மைதானத்தில் ஆடிவிட்டு வருவோம். மூன்றாம் வருடம் அந்த மைதானக்காரர் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். வெட்கக்கேடு.

தொண்ணூற்று நாலு ஜூலையில், கிளம்புவதற்கு முந்தைய நாள், அண்ணி பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"மில்டன், இந்தத் தடவையும் மலை தாண்டலேன்னா இனிமே இந்த வண்டியில நான் ஏறவே மாட்டேன். நீயும் உன் தங்கச்சியும் போய் கோல்ஃப் ஆடுங்க."

என்னை எதற்கு இழுத்தாள் என்று தெரியவில்லை. ஆனால் அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் திக்கென்றது. கோபத்தில் சொன்னதை அண்ணி மறந்துவிடுவாள், சாதாரணமாகச் சொன்னதைச் செய்துவிடுவாள்.

"தாண்டிடலாம், தாண்டிடலாம்" என்றான் மில்டன், தட்டைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் சமவெளியில் போய்க்கொண்டிருக்கும்போது அடிவானத்தில் மலை நீலமாகத் தெரிந்தது. "அதோ, இன்னும் இருபது நிமிஷம்" என்றான். தட்டையான பூமியில் பிறந்தவனுக்குத் தெரிவதெல்லாம் பக்கம்தான். நான்கு வருடமாக அதே இடத்தில் அதே இருபது நிமிடம். மூன்று மணி நேரம் கழித்துத்தான் அடிவாரம் வந்தது.

இந்த முறை அவன் நிற்காமல் ஏறிவிட்டான். அதற்காக அவனைப் பாராட்டியே ஆகவேண்டும். அண்ணி வலப்பக்கம், பள்ளத்தின் ஓரம். நானும் அவர்கள் மகள் ட்ரீனாவும் பின்னால் சாப்பாட்டு மேஜையில். ட்ரீனாவுக்குப் பதினாலு வயது, காதில் ஹெட்ஃபோன். ஐந்தாவது வளைவில் அதைக் கழற்றிவிட்டுக் கத்தினாள்.

"அப்பா, கீழ பாருங்களேன்! ஒரு லாரி எறும்பு மாதிரி போகுது!"

அப்பா பார்க்கவில்லை.

எங்கள் ஊரில் எதிரே வரும் வண்டிக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவது மரியாதை. தெரிந்தவனோ தெரியாதவனோ, விரல் தூக்காமல் போனால் மறுநாள் பேச்சு வரும். மலைமேல் முதல் மூன்று வளைவில் மில்டனின் விரல் எழுந்தது. பிறகு பாதி எழுந்தது. ஏழாவது வளைவுக்குப் பிறகு எழவே இல்லை. அண்ணி அதைப் பார்த்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். கழுத்தெல்லாம் வியர்வை.

ஓரமாகக் கொஞ்சம் இடம் அகலமாக இருந்தது. அங்கே வண்டியை நிறுத்தினான்.

"இன்ஜின்ல ஏதோ சத்தம் கேக்குது."

"இன்ஜினை நீ அணைச்சுட்டே, மில்டன்" என்றாள் அண்ணி.

அவன் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டிருந்தன. இருபத்தொன்பது அடி வண்டியை அங்கே திருப்பவும் முடியாது. மேலே போகவேண்டும், அல்லது அங்கேயே குடியிருக்கவேண்டும்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நாலு வருஷமா இன்ஜின், மேகம்னு..." என்று ஆரம்பித்தேன். அண்ணி திரும்பாமலே கையைக் காட்டினாள். வாயை மூடிக்கொண்டேன்.

"மில்டன், பின்னாடி மேல் அலமாரிக் கதவு ஆடிக்கிட்டே வருது. கொலாச்சி ரொட்டி வெச்ச தட்டு, ஊறுகாய் ஜாடி எல்லாம் அதுலதான் இருக்கு. விழுந்தா யார் மண்டையாவது உடையும். ஒரு பலமான ஆள் பிடிச்சுக்கிட்டே வரணும். லோரெட்டாவால ஆகாது."

என்னால் ஆகாதாம்! அலுவலகத்தில் மூட்டை மூட்டையாகப் பதிவேடு தூக்குகிறவள் நான்.

"அம்மா, அந்தக் கதவு நல்லாத்தானே..." என்றாள் ட்ரீனா. நான் அவள் காலை மிதித்தேன். அண்ணியின் பேருந்தில் ஒரு நாள் நானும் போயிருக்கிறேன். புதிதாக ஏறிய பிள்ளை அழுதால், "பயமா இருக்கா?" என்று அவள் கேட்கமாட்டாள். ஜன்னல் ஆடுகிறது, கொஞ்சம் பிடித்துக்கொள் என்று வேலை கொடுப்பாள். அந்தப் பேருந்தில் எந்த ஜன்னலும் ஆடாது.

மில்டன் ஒவ்வொரு விரலாக எடுத்தான். எழுந்து, குனிந்தபடியே பின்னால் வந்து, பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு கையாலும் அலமாரிக் கதவை அழுத்திக்கொண்டு நின்றான்.

அண்ணி இடப்பக்கம் நகர்ந்தாள். இருக்கையை முன்னால் தள்ளினாள், கண்ணாடிகளைச் சரிசெய்தாள்.

"எல்லாரும் உக்காந்தாச்சா? கையும் தலையும் உள்ள இருக்கட்டும்."

எனக்கு நாற்பத்தாறு வயது. உடனே நிமிர்ந்து உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

பிறகு வண்டி வேறு வண்டியாகிவிட்டது. கியரைக் குறைத்து, அவசரப்படாமல், வளைவு வருவதற்கு முன்பே வளைவுக்குத் தயாராகி ஏற்றினாள். எதிரே ஒரு பெரிய மோட்டார் ஹோம் பாறைப்பக்கமாக உரசுவதுபோல் வந்தது. நான் கண்ணை மூடினேன். திறந்தபோது அது போய்விட்டிருந்தது. அண்ணியின் ஒரு விரல் மரியாதையாக எழுந்திருந்தது.

"மெதுவாப் போறியா?" என்றது பின்னாலிருந்து குரல்.

"மெதுவாத்தான். கதவு எப்படி இருக்கு?"

"கெட்டியாப் பிடிச்சிருக்கேன்!"

"விட்டுடாத!"

இப்படியே இருபது கிலோமீட்டர்.

உச்சியில் வண்டிகள் நிறுத்த இடம் இருந்தது. பக்கத்திலேயே ஆள் உயரத்துக்குப் பனி, ஜூலை மாதத்தில். அண்ணி இறங்கி நேராக அதனிடம் போய்க் கையை முழங்கைவரை உள்ளே விட்டாள். மேற்கே பார்த்தாள். அங்கேயும் மலைகள்தான், ஆனால் அந்தப் பக்கத்து மலைகள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

மில்டன் மெதுவாகப் படியிறங்கினான். பக்கத்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த தொப்பிக்காரர் ஒருவர், வயோமிங்கில் மாடு வளர்ப்பவராம், எங்கள் வண்டியின் நீளத்தைக் கண்ணால் அளந்தார்.

"இவ்ளோ நீளத்தையா மேல ஏத்துனீங்க? கில்லாடிதாங்க நீங்க!" என்று கையை நீட்டினார்.

மில்டன் அந்தக் கையைக் குலுக்கினால் போதும். தலையாட்டினால்கூடப் போதும். எங்கள் மாவட்டத்தில் எந்த ஆணும் ஆட்டியிருப்பான், நானும் மன்னித்திருப்பேன். அண்ணிக்கு எல்லாம் காதில் விழுந்தது. ஆனாலும் திரும்பவில்லை, பனியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் இல்லீங்க. அவ ஓட்டினா" என்றான் மில்டன்.

"அப்போ நீங்க?"

"நான் பின்னாடி அலமாரிக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

"ஏன், கதவு உடைஞ்சுபோச்சா?"

"இல்ல. கதவு நல்லாத்தான் இருக்கு. எனக்குப் பயம்."

தொப்பிக்காரர் கையை இழுத்துக்கொண்டார். தன் வண்டிக்குள் தன் மனைவி இருக்கும் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "எனக்கும்தான். உள்ள இருக்கா, கேட்டுடப்போறா" என்றார்.

அண்ணி திரும்பி வந்தாள். கண் கலங்கியிருந்தது. குளிர் என்று சொன்னால் நம்ப நான் குழந்தை இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக அவனோடு குடித்தனம் நடத்துகிறாள், அந்தச் சொல்லை அவன் வாயால் அன்றுதான் கேட்கிறாள்.

"இறக்கம் இதைவிட மோசமாம்" என்றாள். "முன்னாடி வந்து உக்காரு. பயமா இருந்தா கையைப் பிடிச்சுக்கோ."

"நீ ஓட்டணுமே?"

"லோரெட்டா கையைப் பிடிச்சுக்கோ. அவளும் ஒரு வேலை செய்யட்டும்."

மில்டன் வலப்பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். பின்னாலிருந்து நான் கையை நீட்டினேன். அடிவாரம் வரும்வரை அவன் கண்ணையும் திறக்கவில்லை, என் கையையும் விடவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை.