இரண்டையும் ஹட்டனில் வைத்தேன்

கைப்பேசியில் ஒரு இணையதளத்தின் பெயரைத் தட்டினால், அது எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று வழி சொல்லும் இயந்திரத்துக்கு நேம் சர்வர் என்று பெயர். குறைந்தது இரண்டு வேண்டும்; இரண்டும் வேறு வேறு ஊரில் இருக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் இரண்டையும் ஹட்டனில், எங்கள் கடை மேல்மாடியில் ஒரே அறையில் வைத்தேன்.

என்னோடு இணையதளத் தொழில் செய்யும் கூட்டாளி தலையில் அடித்துக்கொண்டாள். "ஒண்ணையாவது கொழும்புல வைப்போம்டி. மழைக்கு மண்ணு சரிஞ்சா என்ன செய்வ?"

ஜெனரேட்டர் இருக்கிறது, இயந்திரங்கள் கண்ணெதிரே இருக்கின்றன என்று வாதாடினேன். உள்ளே இருந்தது வெறும் வீம்பு. தேயிலைத் தோட்டத்து ஆட்கள் எதற்கெடுத்தாலும் கொழும்பைப் பார்த்து நிற்க வேண்டுமா? போதாததற்கு, எல்லாம் ஒரே ஆபீசுக்கு வந்து சேர்வதைப் பார்த்தே வளர்ந்தவள் நான்.

பூண்டுலோயாப் பக்கம், தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்துக்கு முகவரி கிடையாது. கடிதாசி எல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை பெயர் வாசித்துக் கொடுப்பார். பெயர் வந்தவர்களின் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போவேன். சேலைக்கு மேல் சுற்றிய, பனியில் நனைந்த படங்குச் சாக்குகளும் அந்த உரத்த குரலும் இன்றும் ஏக்கமாக இருக்கின்றன. ஆனால் அக்காவின் பெயர் மட்டும் வாசிக்கப்படவில்லை. ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதாசி ஆபீஸ் மேசையில் ஒரு பைலுக்கு அடியில் கிடந்தது. கைக்கு வந்தபோது தேதி போய்விட்டது. அக்கா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனாள். இன்னும் போகிறாள்.

கூட்டாளி சொன்னது போன மழையில் நடந்தது. ஹட்டனுக்குக் கீழே மண் சரிந்து கேபிள் அறுந்தது. அன்று மதியம் டிக்கோயாவில் ஒரு தாதியர் பயிற்சி நிலையம், நேர்முகப் பரீட்சைக்குத் தெரிவானவர்களின் பட்டியலைத் தன் தளத்தில் போட வேண்டும். பரீட்சை மறுநாள் காலை. அந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்வது நாங்கள். தளம் வெளிநாட்டில் பத்திரமாக இருந்தது. வழி சொல்கிற இரண்டும் எங்கள் அறையில் உயிரோடுதான் இருந்தன, ஆனால் யாருக்கும் எட்டவில்லை. நிலையத்தாராலும் பட்டியலை ஏற்ற முடியவில்லை.

அக்கா மகள் எனக்குப் போன் எடுத்தாள். "சித்தி, பக்கம் தொறக்கவே மாட்டேங்குது. என் பேரு இருக்கானு தெரியல. அம்மாவையும் காலையிலருந்து காணோம்."

நிலையத்தின் நம்பர் விடாமல் பிஸி. ஒரு திரீவீலரைப் பிடித்து டிக்கோயாவுக்கு ஓடினேன்.

கேட்டுக்கு உள்ளே, சொட்டச் சொட்ட நனைந்த குடையோடு அக்கா நின்றாள். கையில் பட்டியலின் பிரதி.

"பேரு இருக்கு," என்றாள்.

"நீ எப்பக்கா வந்த?"

"மொத பஸ்ஸுக்கே. எந்த மேசையிலயாவது கெடந்துருமோனு பயமா இருந்துச்சு."

அவளிடம் மறைக்க மனம் வரவில்லை. அறை, இரண்டு இயந்திரம், என் வீம்பு, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப புள்ள பேரு இந்தத் தடவ ஒன் மேசையிலயா கெடந்துச்சு?"

கோபத்தில் கேட்கவில்லை. விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. மறுவாரமே ஒன்றைக் கொழும்புக்கு மாற்றினேன். ஆனால் அன்று அதனால் யாருக்கும் பயனில்லை.

நிலையத்தாரிடம் பிள்ளைகளின் நம்பர்களை வாங்கினேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து நான் ஒவ்வொன்றாக அழுத்த, அக்கா பெயரை வாசித்து, "நாளைக்கு காலையில வந்துருங்க" என்றாள். தன் மகளின் முறை வந்ததும் எழுந்து நின்று, பெரட்டுக் களம் முழுக்கக் கேட்கிற மாதிரி முழுப்பெயரையும் கத்தினாள். நான் போனை அவள் வாயருகே பிடித்துக்கொண்டு அழுதேன்.