ஆறுமுகம் சவுக்காரம்

எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கனாக, இருந்த கணேசமூர்த்தியின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து மக்களைக் காப்பாற்றியவனாம். அந்தக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. காப்பாற்றியது யார் என்று நான் சொல்கிறேன். அவள் பெயர் பஞ்சாலை. அவளுக்குக் கல்லும் இல்லை, ஒரு செங்கல்லும் இல்லை.

மலாயாவில் ரந்தாவுக்குப் பக்கத்தில், ரப்பர் காட்டுக்கு நடுவே எங்கள் லயம், கூலிக்காரர்களின் வரிசை வீடுகள். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு பஞ்சாலை அத்தையுடையது. அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. பிள்ளை இல்லை. அவளும் புருஷன் ஆறுமுகமும் இருபது வருஷமாகச் சேர்ந்து பால் வெட்டியவர்கள். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனதும், கணேசமூர்த்தி தன் குடும்பத்தைக் கோலா கிளாவாங்குக்கு அனுப்பிவிட்டுத் துரை பங்களாவில் ஏறி உட்கார்ந்துகொண்டான். அதற்குப் பிறகு எங்களுக்குத் துரை, கிராணி, எமன் எல்லாம் அவன்தான்.

தோட்டத்தில் தினமும் விடிகிற நேரத்தில் பெரட்டு. எல்லோரும் களத்தில் நிற்க, கிராணி பெயர் பெயராகக் கூப்பிடுவான். ஆம்பிளை காய்ச்சலில் கிடந்தால், அன்றைய பேர் விழாமல் கூலி போகக் கூடாதே என்று பெண்டாட்டி "இருக்காருங்க" என்று குரல் கொடுத்துவிடுவாள். கங்காணியும் கண்டுகொள்ளமாட்டான். ஆனால் புருஷன் பெயரை மட்டும் எந்தப் பெண்ணும் வாயால் சொல்லமாட்டாள். அது எங்கள் பெண்களுக்கு ஆகாத காரியம்.

நாற்பத்து மூன்றாம் வருஷம், ஒரு நாள் பெரட்டில் அரிசி கொடுப்பதற்குப் பெயர் பதிவதாகக் கணேசமூர்த்தி சொன்னான். ஆறுமுகம் அன்று காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். பெயரைக் கூப்பிட்டதும் பஞ்சாலை பழக்கப்படி "இருக்காருங்க" என்றாள். என் அப்பா காளிமுத்து ஆற்றுப் பக்கம் போயிருந்தார். என் அம்மா தாயம்மாவும் "இருக்காருங்க" என்றாள். மத்தியானம் லாரி வந்தது. அது அரிசி லாரி இல்லை. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிற லாரி. பதில் இல்லாத பெயர்களைக் கிராணி ஓடிப்போனவர்கள் என்று அடித்துவிட்டான். "இருக்கிறார்" என்று பதிந்த பெயர்களில் பதினான்கு பேரைச் சிப்பாய்கள் வீடு வீடாக வந்து இழுத்துப் போனார்கள். ஆறுமுகத்தைப் போர்வையோடு தூக்கி ஏற்றினார்கள். ஆற்றிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த அப்பாவையும் ஏற்றினார்கள்.

"என் வாயாலதான்டி ஏத்தி அனுப்புனேன்" என்று பஞ்சாலை தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவளைப் பிடித்த கோபம் சாகும்வரை இறங்கவில்லை. இறங்காமல் இருந்ததே நல்லது என்பேன்.

ஆள் போன வீடுகளுக்கு அரிசியும் நின்றது. புருஷன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாத அந்தப் பெண்களை ஊரும் விலக்கி வைத்தது. நல்ல காரியம் எதற்கும் கூப்பிடமாட்டார்கள். குளிக்கத் துவைக்கச் சவுக்காரம் எங்கும் கிடையாது. பிள்ளைகளுக்கெல்லாம் சொறி சிரங்கு. என் கணுக்காலில் புண் அழுகி நாறியது. இரண்டாவது லயத்தில் ஒரு கைக்குழந்தை சிரங்கிலேயே செத்தது. அதைப் புதைத்துவிட்டு வந்த கையோடு பஞ்சாலை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"தாயம்மா, அழுதது போதும்லா. பொட்டு வைக்கலாமா அழிக்கலாமான்னு எத்தன நாளு யோசிச்சுக்கிட்டு உக்காந்திருப்ப? பிள்ள காலு அழுகுது. சவுக்காரம் காய்ச்சுவோம். எழுந்திரு, ரப்பர் கொட்ட பொறுக்கணும்."

ரப்பர் கொட்டை வெடித்துச் சிதறுகிற காலம் அது. பருப்பைக் காயவைத்து இடித்து, வேகவைத்து, மேலே மிதந்த எண்ணெயை வழித்தெடுத்தார்கள். வாழைமட்டையையும் டுரியான் தோலையும் எரித்து, சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் காரநீர் வடித்தார்கள். இரண்டையும் குவாலி என்கிற பெரிய இரும்புச் சட்டியில் கிண்டினார்கள். முதல் தடவை காரம் கூடி அவள் கைத்தோல் உரிந்தது. இரண்டாம் தடவை வெறும் கஞ்சி. நான்காம் தடவை நுரைத்தது. கட்டியாகவில்லை, களிபோலத்தான் இருந்தது. அதனால் பால் பிடிக்கிற மங்குகளில் ஊற்றி விற்றாள். காலி மங்கைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது. ஒரு மங்குக்கு இரண்டு கிழங்கு. கிழங்கில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குச் சும்மா. வேலைக்குச் சயாம் வீட்டுப் பெண்களை மட்டும் சேர்த்தாள். எட்டுப் பேர். கிடைத்த கிழங்கை எட்டு வீடும் சமமாகப் பிரித்துக்கொண்டது. என் கால் ஆறியது. பகாவ் ஊர் வரைக்கும் மங்குச் சவுக்காரம் போனது.

பொங்கல் கழிந்த மறுவாரம் கணேசமூர்த்தி குவாலி அருகே வந்து நின்றான். கை விரலெல்லாம் அவனுக்கும் சிரங்கு. சொறிந்துகொண்டே பேசினான்.

"நாளைக்குப் பெரட்டுல பேரு பதியணும் பஞ்சாலை. நீ சொன்னா பொம்பளைங்க கேப்பாளுங்க. வழக்கம்போலப் பதில் சொல்லச் சொல்லு. மங்கு தோட்டத்துச் சொத்து, தெரியும்ல? நான் இதுவரைக்கும் கேட்டதில்ல."

"இந்தத் தடவையும் அரிசிதானுங்களா?"

அவன் குவாலியை ஒரு உதை உதைத்துவிட்டுப் போனான்.

குவாலியா, மிச்சமிருந்த ஆம்பிளைகளா? பஞ்சாலை யோசிக்கவே இல்லை. அன்று சாயங்காலம் வீடு வீடாகச் சவுக்காரம் கொண்டுபோனாள். ஒவ்வொரு மங்கோடும் ஒரே சொல்: "நாளைக்கு உன் வீட்டுக்காரன் காட்டுல இருக்கட்டும். பேரு கூப்பிட்டா வாயத் திறக்காத. நான் திறந்து பட்டது போதும்."

மறுநாள் களத்தில் பெண்களும் பிள்ளைகளும் கிழவர்களும்தான் நின்றோம். கிராணி பக்கத்தில் ஒரு ஜப்பான் அதிகாரி. முதல் பெயர், பதில் இல்லை. இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது, இல்லை. கிராணி அவசரமாகப் பக்கத்தைப் புரட்டிக் கண்ணில் பட்ட பெயரையெல்லாம் கத்தினான். சயாமுக்குப் போனவர்களை அவன் பட்டியலில் அடிக்கக்கூட இல்லை. அந்த உயிர்களுக்கு அவன் ஒரு சொட்டு மை செலவழித்திருக்கவில்லை.

"ஆறுமுகம்!"

எங்களையெல்லாம் வாயைக் கட்டச் சொன்ன பஞ்சாலை முன்னால் வந்தாள்.

"ஆறுமுகம் இல்ல!" என்று கத்தினாள். "நீ கூப்பிட்ட, நான் பதில் சொன்னேன், காய்ச்சலோட தூக்கிட்டுப் போனானுங்க. ஆறுமுகம் எங்கடா? சொல்லு! என் புருஷன் ஆறுமுகம் எங்க?"

இருபது வருஷத்தில் அவள் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. என் அம்மா என் கையை உதறினாள். "காளிமுத்து எங்க?" என்றாள். அப்பா பெயரை அவள் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு எட்டுப் பெண்களும் தங்கள் புருஷன்மார் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். அதிகாரிக்குத் தமிழ் புரியவில்லை, ஆள் இல்லை என்பது மட்டும் புரிந்தது. கிராணியைக் கன்னம் மாற்றிக் கன்னம் அறைந்துவிட்டு லாரியில் ஏறினான்.

அந்த ஆத்திரத்தில் கணேசமூர்த்தி கோடாலித் தலையால் குவாலியை உடைத்தான், மங்குகளையும் பறித்துக்கொண்டான். பத்தே நாளில் பகாவ் பக்கத் தோட்டத்துப் பெண்கள் காய்ச்சுவதற்குப் பாதியாக வெட்டிய டிரம் ஒன்றை மாட்டுவண்டியில் அனுப்பினார்கள். மங்குக்குப் பதிலாகக் கொட்டாங்கச்சி. பஞ்சாலை கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, லயத்துக்கு லயம் தொண்டை கிழியக் கூவினாள்: "ஆறுமுகம் சவுக்காரம்! ஆறுமுகம் சவுக்காரம்!" பங்களாவைத் தாண்டும்போது குரலை இன்னும் ஏற்றுவாள். வாங்குகிறவர்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். அது அவள் வைத்த சட்டம்.

ஒரு நாள் கணேசமூர்த்தியே வந்து நின்றான். சிரங்கு முழங்கைவரை ஏறியிருந்தது.

"ஒண்ணு குடு பஞ்சாலை."

"யாரு சவுக்காரம்னு சொல்லிக் கேளுங்க, தர்றேன்."

நாங்கள் எல்லோரும் கிண்டுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தோம். ஆயிரம் தடவை பெரட்டில் கூப்பிட்ட பெயர்தான். அவன் வாயைத் திறந்தான், மூடினான். பிறகு திரும்பிப் பங்களாவுக்கு நடந்தான். ஜப்பான்காரன் போகும்வரை சொறிந்துகொண்டே இருந்தான்.